கோட்டுக்கு இரண்டு விரல் வெளியே

சென்னையிலிருந்து ஊர் திரும்பிய அன்றைக்கே, புத்தூர் பஸ் நிலையத்தில் பிச்சாட்டூர் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோதே சுமித்ராவுக்கு அது ஆரம்பித்துவிட்டது. பூ விற்கிற மணியம்மா முழம் போட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"ஏன் டீச்சர், அந்தப் பொண்ணு நம்ம சித்தூர் பொண்ணாமே. நீயே கையை விரிச்சிட்டியாமே?"

"ஷட்டில் வெளிய விழுந்துது. அதான் விரிச்சேன்."

"இருந்தாலும் நம்ம பொண்ணு" என்றாள் மணியம்மா. பூவை இலையில் சுற்றிக் கொடுத்தாள். வழக்கமாகக் கொசுறாகப் போடுகிற நாலு கண்ணியை அன்றைக்குப் போடவில்லை.

சுமித்ரா ஆந்திர எல்லைக்குள், தமிழும் புழங்குகிற பிச்சாட்டூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியை. முப்பத்தெட்டு வயது. கல்லூரி நாளில் பல்கலைக்கழக அணிக்காக பேட்மிண்டன் ஆடியவள். ஆட்டத்தில் மேலே போக முடியவில்லை என்று தெரிந்ததும், லைன் ஜட்ஜ் பரீட்சை எழுதித் தேறினாள். கோர்ட்டின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஷட்டில் கோட்டுக்கு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று சொல்கிற வேலை. ஒன்பது வருடம் கர்னூல், விஜயவாடா, காக்கிநாடா என்று அலைந்து மாநிலப் போட்டிகளில் உட்கார்ந்திருக்கிறாள். அதன் பிறகுதான் முதல் தடவையாக வெளிநாட்டு அணிகள் ஆடும் போட்டிக்கு அழைப்பு வந்தது. சென்னையில் எட்டு நாடுகள் கோப்பை. மகளிர் அணிகளுக்கானது.

அந்தக் கோப்பையில் நம் இந்திய அணியின் சரித்திரம் கேட்கச் சுகமாக இராது. மூன்று முறை ஆடி, மூன்று முறையும் அரையிறுதியில் தோற்றவர்கள். ஆண்கள் பாங்காக்கில் போய் தாமஸ் கோப்பையையே ஜெயித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். பெண்கள் இந்தச் சின்னக் கோப்பையில் ஒரு செமி ஃபைனலைத் தாண்ட மாட்டேன் என்கிறார்களே என்று பத்திரிகைக்காரர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். நாலாவது முறையும் அரையிறுதி. எதிரில் தாய்லாந்து. ஐந்து ஆட்டத்தில் மூன்றை ஜெயிக்க வேண்டும்; இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. கடைசி ஆட்டத்தை ஆட இறங்கியவள் பவ்யா. சித்தூர் டவுன்காரி, இருபத்து மூன்று வயது, பன்னிரண்டு வயதிலேயே ஐதராபாத்துக்குப் பயிற்சிக்குப் போனவள். மூன்றாவது செட்டில் பத்தொன்பதுக்கு இருபது. தாய்லாந்துக்கு ஒரு பாயிண்ட் போதும்.

பவ்யா உயரத் தூக்கி அடித்தாள். ஷட்டில் விளக்குகளுக்குள் போய் மறைந்து, திரும்பி இறங்கியது. தாய்லாந்துப் பெண் இரண்டடி பின்னால் போய், மட்டையைத் தாழ்த்திக்கொண்டு அடிக்காமல் விட்டுவிட்டாள். பின்கோட்டின் நேரே உட்கார்ந்திருந்தவள் சுமித்ரா. ஷட்டில் காற்றில் இருந்தவரைக்கும் அது உள்ளே விழ வேண்டும் என்றுதான் அவளும் வேண்டிக்கொண்டாள். விழுந்த பிறகு வேண்டிக்கொள்ள ஒன்றும் இல்லை, பார்க்கத்தான் வேண்டியிருந்தது. வெள்ளைக் கோடு, அப்புறம் பச்சைத் தரை, அப்புறம் ஷட்டிலின் தக்கை. பச்சை இரண்டு விரல் அகலம். அவள் இரண்டு கைகளையும் அகல விரித்து, தொண்டை கிழிய "அவுட்!" என்றாள்.

அந்தப் போட்டியில் ரிவ்யூ கேமரா வைக்கவில்லை. டி.வி.யில் காட்டிய படமோ எதிர்ப்பக்கத்து மூலையிலிருந்து எடுத்தது. அந்தக் கோணத்தில் பார்த்தால் ஷட்டில் கோட்டின்மேல் உட்கார்ந்திருக்கிற மாதிரியே தெரியும். யாரோ ஒரு புண்ணியவான் அதில் சிவப்பு வட்டம் போட்டு, சுமித்ராவின் முகத்துக்கு இன்னொரு வட்டம் போட்டு, போனில் சுற்றுக்கு விட்டான். அவள் கோயம்பேட்டில் பஸ் ஏறுவதற்குள் அது சித்தூர், திருப்பதி, குப்பம் எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

வீட்டில் மாமியார் செல்லியம்மா தட்டை எடுத்து வைத்தாள். சாப்பாடு போட்டாள், குழம்பு ஊற்றினாள், அப்புறம் சுவரைப் பார்த்து, "ஒரு தபா உள்ளன்னு சொல்லியிருந்தா வாயா வலிச்சிருக்கும்" என்றாள்.

பள்ளியில் தலைமையாசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி காட்டினார். நெல்லூர்க்காரர், தெலுங்கில்தான் பேசுவார். மேடம், சட்டம் பேச வரவில்லை, சொந்த மண் என்கிற அபிமானம் கொஞ்சம் இருக்க வேண்டும் அல்லவா என்று கேட்டார். சுமித்ரா, "சார், மேத்ஸ் பேப்பர் திருத்தும்போது நம்ம ஊர்ப் பையனுக்கு ரெண்டும் ரெண்டும் அஞ்சுன்னு விட்டுடுவீங்களா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். அது வேறே, இது வேறே என்றார் அவர். எப்படி வேறே என்று மட்டும் கடைசிவரை சொல்லவில்லை.

எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது கொழுந்தன் ரமணாவின் கண்டுபிடிப்பு. சத்தியவேடு பக்கத்துக் கம்பெனி ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை போனும் கையுமாக வந்து நின்றான்.

"அண்ணி, லைன் ஜட்ஜுக்கு மூணு சைகை இருக்குதாமே? உள்ள விழுந்தா கோட்டைக் காட்டணும், வெளிய விழுந்தா கை விரிக்கணும், தெரியலன்னா ரெண்டு கையால கண்ணை மூடிக்கணுமாம். மெய்யா?"

"ஆமா. ஆட்டக்காரி குறுக்க வந்து நமக்கு மறைச்சிட்டா அப்படிக் காட்டணும்."

"அப்ப நீ கண்ணை மூடிக்கினு இருந்திருக்கலாம் இல்ல? பழி உன் மேல வந்திருக்காதே! அம்பயர் சொல்லிக்கினு போறான்."

"எனக்குத்தான் நல்லா தெரிஞ்சிதே!"

"தெரிஞ்சா இன்னா? மூடிக்கிறது."

"நல்லா தெரிஞ்சதுக்கு எதுக்குடா கண்ணை மூடணும்?"

"நம்ம டீமுக்காக அண்ணி" என்றான் அவன், சின்னக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி.

அவள் புருஷன் சிட்டிபாபு மட்டும் அவள் பக்கம். நாலு ஏக்கர் மாந்தோப்பும் ஒரு டிராக்டரும் அவனுடைய உலகம். பேட்மிண்டனில் மட்டைக்கு எது கைப்பிடி என்று தெரிந்தால் அதிகம். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். வுடு" என்று சொல்லியிருந்தான். அதுவே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஒரு நாள் சாயங்காலம் டீ எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனாள். அவன் டிராக்டர் நிழலில் உட்கார்ந்து, போனைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, அந்தச் சிவப்பு வட்டத்தை இரண்டு விரலால் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் போனைத் துண்டுக்குள் போட்டான்.

"நீயுமா?" என்றாள்.

"இல்ல சுமி, சும்மா..."

டீயை அவன் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். அன்றைக்கு ராத்திரியிலிருந்து அவனுக்குச் சோறு பரிமாறுவதை மாமியாரிடமே விட்டுவிட்டாள்.

இரண்டு வாரம் போனது. திருப்பதியிலிருந்து ஸ்ரீஹரி போன் செய்தார். அங்கே ஒரு ஷட்டில் கிளப்பின் செயலாளர். சுமித்ராவை முதன்முதலாக மாநிலப் போட்டிக்குச் சிபாரிசு செய்தவர் என்பதால் அவர்மேல் அவளுக்கு மரியாதை உண்டு. பவ்யா ஏழுமலையான் தரிசனத்துக்கு வருகிறாளாம். அப்படியே கிளப்பில் அவளுக்குப் பாராட்டு விழா.

"நல்லது சார். நடத்துங்க."

"நீயும் வரணும்மா. பேனர்ல 'செமி ஃபைனலில் தோற்ற வீராங்கனை'ன்னு போட முடியுமா சொல்லு? அதனால 'நியாயமாக வென்றிருக்க வேண்டிய வீராங்கனை'ன்னு போடறோம். அதுக்கு உன்கிட்டருந்து சின்னதா ஒரு லெட்டர். நூத்துக்கு நூறு நிச்சயமாத் தெரியலன்னு ஒரே ஒரு வரி. அவ்ளோதான், இல்லியா?"

"சார், நூத்துக்கு நூறு நிச்சயமாத் தெரிஞ்சிதே."

"தெரியும்மா. லெட்டர்ல மட்டும் தெரியலன்னு எழுது."

"மாட்டேன் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். "அடுத்த மாசம் ஜில்லா போட்டிக்கு லைன் ஜட்ஜ் லிஸ்ட் போடறேன். உன் பேர் வரணுமா வேணாமா நீயே யோசி. லெட்டர் இல்லாட்டியும் போகுது, விழாவுக்காவது வந்து நில்லு. நீ வரலன்னா பயந்துக்கினு வரலன்னு பேசுவாங்க."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் போனாள்.

கிளப்பில் இரண்டு கோர்ட்டுகள். ஒன்றில் மேடையும் நாற்காலிகளும் போட்டு, இன்னொன்றைத் துணித் திரை கட்டி மறைத்திருந்தார்கள். பேனரில் தெலுங்கில் எழுதியிருந்ததைச் சுமித்ரா படித்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டாள். பவ்யா மலையிலிருந்து நேரே வந்திருந்தாள். நெற்றியில் குங்குமம், அணியின் நீலச் சட்டை. பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராகப் பேசி, நாலு முறை அரையிறுதியையும் தாங்களே ஆடித் தோற்றதுபோல வருத்தப்பட்டார்கள். கடைசியில் பவ்யா மைக்கைப் பிடித்து, கையில் கொடுத்த தாளைப் பார்த்துத் தெலுங்கில் படித்தாள். தவறு எல்லோருக்கும் நேரும். சுமித்ரா மேடத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. மனப்பூர்வமாக மன்னித்துவிட்டேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. ஸ்ரீஹரி ஓடிவந்து சுமித்ராவின் கையைப் பிடித்து மேடைக்கு ஏற்றி, தோளில் ஒரு சால்வையைப் போட்டு, பவ்யாவின் பக்கத்தில் நிறுத்தினார். போட்டோக்காரர்கள் சிரிக்கச் சொன்னார்கள். சுமித்ரா மைக்கைப் பிடுங்காத குறையாக வாங்கினாள்.

"எனக்கு எதுக்கு மன்னிப்பு? நான் இன்னா தப்பு பண்ணேன்? ஷட்டில் வெளிய விழுந்துது, வெளியன்னு சொன்னேன். உள்ள விழுந்திருந்தா உள்ளன்னு சொல்லியிருப்பேன். அதுக்குத்தானே என்னை அங்க உக்கார வெச்சாங்க? யாரு பொண்ணு அடிச்சாங்கன்னு பார்த்துச் சொல்லணும்னா, நாற்காலியில என்னை எதுக்கு உக்கார வெக்கணும்? ஒரு கொடியை நட்டு வெச்சிட்டுப் போலாமே!"

பவ்யாவின் முகம் சிவந்தது. ஸ்ரீஹரி மைக்கைத் திரும்ப வாங்கி, போஜனம் ரெடியாக இருக்கிறது என்று அறிவித்தார். கூட்டம் எதையும் கேட்காததுபோல எழுந்து பந்திக்குப் போனது.

சுமித்ரா சாப்பிடப் போகவில்லை. சால்வையை மடித்து ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் காலியாக இருந்த கோர்ட்டின் ஓரம் போய் நின்றாள். கொஞ்ச நேரத்தில் திரையை விலக்கிக்கொண்டு பவ்யா வந்தாள். கையில் ஒரு பழைய ஷட்டில்.

"அக்கா, எவ்ளோ போச்சின்னு காட்டு" என்றாள். மேடையில் பேசிய தெலுங்கு இல்லை, சித்தூர்த் தமிழ்.

சுமித்ரா ஷட்டிலை வாங்கினாள். பின்கோட்டுப் பக்கம் குனிந்து, கோட்டின் விளிம்பில் இரண்டு விரலை ஒட்டவைத்து, விரலுக்கு அந்தப் பக்கம் தக்கையை வைத்தாள். விரலை எடுத்தாள். பவ்யா குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இவ்ளோதானா? நான் ஒரு அடி போயிருக்கும்னு நினைச்சேன்."

"இன்னா சொல்றே நீ?"

"மட்டையை விட்டுப் போகும்போதே கைக்குத் தெரிஞ்சிடுச்சி அக்கா. அந்த ஹால்ல ஏசி காத்து அந்தப் பக்கம் தள்ளிக்கினே இருந்துது. அந்தப் பக்கம் அடிக்கும்போது குறைச்சி அடின்னு கோச் நூறு தபா சொன்னாரு. பத்தொன்பது இருபதுல எனக்கு எல்லாம் மறந்துபோச்சி."

சுமித்ரா நிமிர்ந்தாள். "தெரிஞ்சிக்கினேவா மேடையில என்னை மன்னிச்சே?"

"எழுதிக் குடுத்தாங்க. படிச்சேன்."

"எழுதிக் குடுத்தா இன்னா வேணா படிச்சிடுவியா? இங்க ரெண்டு வாரமா பூக்காரியிலருந்து எங்க மாமியார் வரைக்கும் என்னைத் துன்றாங்க!"

பவ்யா தரையைப் பார்த்தாள். "நாலாவது தபா அக்கா. முதல் மூணு தபாவும் யாரால தோத்தோம்னு எல்லாரும் பேர் சொல்லிச் சொல்லுவாங்க. போன தபா கடைசி ஆட்டம் தோத்த அக்கா ஆடறதையே விட்டுட்டாங்க, இப்ப பாங்க் வேலைக்குப் போய்க்கினு இருக்காங்க. எங்க டீம் பஸ்ல ஏறும்போதே நான் பயந்துக்கினு இருந்தேன், இனிமே என் பேர்தான்னு. பஸ்ல போனைப் பார்த்தா, உன் பேரைச் சொல்லிக்கினு இருக்காங்க." அவள் குரல் தேய்ந்தது. "நான் சும்மா இருந்துட்டேன். அவ்ளோதான் பண்ணேன்."

சுமித்ராவின் கோபம் போகவில்லை. ஆனால் அதை இந்தப் பெண்ணின் மேல் முழுசாகப் போடவும் முடியவில்லை. நாட்டுக்காக ஆடினாள், ஒரு ஷட்டிலைக் கொஞ்சம் நீளமாக அடித்தாள். அதற்குப் பலி கேட்டு வந்து நின்றவர்கள் வேறு யாரோ.

"உன் பேர் போவக் கூடாது, என் பேர் போனா பரவாயில்லையா?"

"மன்னிச்சிடு அக்கா."

"இன்னொரு தபா அந்த வார்த்தையைச் சொன்னே, பாரு."

வெளியே யாரோ பவ்யாவின் பெயரைக் கூப்பிட்டார்கள், செல்ஃபிக்கு. போகிறபோது சுமித்ராவின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் பேப்பரில் இரண்டு பேரும் சால்வையோடு நிற்கிற படம் வந்தது. சுமித்ரா மைக் வாங்குவதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்தது. "தவறை மன்னித்த வீராங்கனை" என்று தலைப்பு. அவள் பேசியதில் ஒரு வரிகூட இல்லை. தலைமையாசிரியர் அதைக் கத்தரித்து அறிவிப்புப் பலகையில் குத்தி, பிரார்த்தனைக் கூட்டத்தில் நம் மேடம் மன்னிக்கப்பட்டுவிட்டார் என்று சந்தோஷமாக அறிவித்தார். பிள்ளைகள் கைதட்டினார்கள். மத்தியானம் அவளே போய்க் குண்டூசியைப் பிடுங்கி அதைக் கிழித்து எடுத்தாள். ஜில்லா போட்டி லிஸ்ட்டில் அவள் பெயர் வரவில்லை. கேட்டதற்கு ஸ்ரீஹரி, இப்போதைக்கு ஓய்வு எடுத்துக்கொள்ளம்மா என்றார்.

ஒன்றரை மாதம் கழித்து, பள்ளி விட்டு வந்தவளைச் சிட்டிபாபு வாசலிலேயே மறித்தான். "சுமி, இதைப் பாரு" என்று போனை நீட்டினான். ஐதராபாத்தில் அணி வேறு ஒரு போட்டிக்குப் புறப்படுகிற பத்திரிகையாளர் கூட்டம். சென்னையில் அநியாயத் தீர்ப்பால் தோற்றீர்களே, அந்த வலி இன்னும் இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். பக்கத்தில் இருந்த மேனேஜர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பவ்யா குனிந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். தீர்ப்பு சரி. ஷட்டில் அவுட். நான்தான் நீளமாக அடித்துவிட்டேன், அந்த மேட்சை நான்தான் தோற்றேன். அவ்வளவு பேசிவிட்டு மைக்கைத் திருப்பி வைத்தாள். மேனேஜர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

சுமித்ரா அதை இரண்டு முறை பார்த்தாள். சிட்டிபாபு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அன்னிக்குத் தோப்புல நான் பார்த்துக்கினு இருந்தது தப்புதான்" என்றான்.

"தப்புதான்" என்றாள். ஆனால் அன்றைக்கு அவனுக்குத் தட்டில் தானே பரிமாறினாள்.

அவன் அந்த வீடியோவை ஊர் முழுக்கக் காட்டினான். மறுநாள் சுமித்ரா மளிகைக் கடைக்குப் போனபோது கடைக்கார லட்சுமம்மா தராசை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தேன் டீச்சர், எங்க வீட்ல எல்லாரும் பார்த்தோம். எப்பேர்ப்பட்ட பொண்ணு! எவ்ளோ பெரிய மனசு! நீ மாட்டிக்கக் கூடாதுன்னு, பாவம், எல்லார் எதிர்லயும் பொய் சொல்லுது பாரு."

சுமித்ரா கையை விடுவித்துக்கொண்டாள். "அரைக் கிலோ துவரம் பருப்பு" என்றாள்.

கடை வாசலில் நின்றபடியே போனை எடுத்தாள். பவ்யா முதல்நாளே செய்தி அனுப்பியிருந்தாள், இவள்தான் என்ன பதில் எழுதுவது என்று தெரியாமல் விட்டு வைத்திருந்தாள். 'சொல்லிட்டேன் அக்கா' என்று இருந்தது. சுமித்ரா எழுதினாள்: 'பார்த்தேன். நல்லா சொன்னே. ஆனா இங்க ஒருத்தரும் நம்பல. எனக்காக நீ பொய் சொன்னேங்கறாங்க.'

பருப்புப் பொட்டலம் கைக்கு வருவதற்குள் பதில் வந்துவிட்டது.

'இங்கயும்தான் அக்கா. எங்க அம்மாவே நம்பல.'

சுமித்ரா சிரித்துவிட்டாள். பருப்புப் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நின்ற இடத்திலேயே சிரித்தாள். லட்சுமம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பாவம், இப்பத்தான் டீச்சருக்கு மனசு லேசாச்சி" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்.